டி.என்.ஏ. இரட்டிப்பாதலை ஒரே தாளில் வரைந்து முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டி.என்.ஏ. பாடத்தில் தடுமாறுபவர்களுக்கு நொதிகளின் பெயர்கள் பெரும்பாலும் மனப்பாடமாகவே இருக்கும். வெறுந்தாளைக் கொடுத்து வரையச் சொன்னால்தான் சிக்கல் தெரியும். ஒகசாகி துண்டுகள் (புதிய இழை விட்டுவிட்டு வளரும்போது வரும் சிறு துண்டுகள்) தலைகீழாக நிற்கும், பிரைமர் (புதிய இழையைத் தொடங்கித் தரும் சிறு ஆர்.என்.ஏ. துண்டு) தவறான முனையில் இருக்கும். 5′, 3′ என்ற முனைக் குறிகளைக் கடைசியில் போடுவதுதான் இதற்குக் காரணம். அவற்றை முதலில் போட்டுவிட்டுப் பிறகு எழுத்துகளை எழுதிப் பாருங்கள். எந்த இழை தொடர்ச்சியாக வளரும், எது துண்டு துண்டாக வளரும், பிரைமர் எங்கே உட்காரும், முனை ஏன் குட்டையாகும் எல்லாம் மனப்பாடம் இல்லாமலே விளங்கும்.

24 கார இணைகள் உள்ள ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதன் அமைப்பு, செயல், இரட்டிப்பாதல் (தன்னை நகலெடுத்து இரண்டாவது) மூன்றையும் இங்கே செய்து முடிக்கிறோம். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதன் மீதுதான் நிற்கிறது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

கட்டம் போட்ட தாள் நல்லது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதினால் இணைகள் நேருக்கு நேர் நிற்கும். கோடில்லாத தாளில் பத்து எழுத்து தாண்டுவதற்குள் மேல் இழையும் கீழ் இழையும் ஒன்றுக்கொன்று விலகிவிடும், பிறகு செய்வதெல்லாம் தவறாகும்.

மூன்று நிறங்கள் வேண்டும். பழைய இழைக்குக் கறுப்பு, புதிய டி.என்.ஏ.வுக்கு நீலம், ஆர்.என்.ஏ.வுக்குச் சிவப்பு. ஒரே நிறத்தில் வரைந்தால் பிரைமரை நீக்கும் கட்டத்தில் எதை அழிப்பது என்று தெரியாது. பென்சிலும் அழிப்பானும் அதற்காகவே.

காரங்களை இங்கே ஏ (அடினைன்), டி (தைமின்), ஜி (குவானைன்), சி (சைட்டோசின்), யூ (யுராசில்) என்று குறிக்கிறோம். தாளில் நீங்கள் வழக்கமாக எழுதும் எழுத்துகளையே பயன்படுத்தலாம்.

2. ஒரே ஒரு நியூக்ளியோடைடை வரையுங்கள்

நேராக ஏணிப் படத்துக்குப் போகாதீர்கள். 5′, 3′ என்பவை எங்கிருந்து வந்த எண்கள் என்று தெரியாதவருக்கு அவை கடைசிவரை வெறும் அடையாளங்களாகவே இருக்கும்.

ஓர் ஐங்கோணம் வரையுங்கள். மேல் முனையில் ஆக்சிஜன். அதன் வலப்பக்க முனை 1′ கார்பன். அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2′, 3′, 4′. ஐந்தாவது கார்பன் வளையத்துக்குள் இல்லை, 4′ கார்பனிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இதுதான் டி ஆக்சிரைபோஸ் சர்க்கரை.

இப்போது மூன்று இணைப்புகள். 1′ கார்பனில் நைட்ரஜன் காரம், 5′ கார்பனில் பாஸ்பேட், 3′ கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி. இந்த மூன்றில் இரட்டிப்பாதலுக்கு உயிரானது 3′ ஹைட்ராக்சில். அடுத்த நியூக்ளியோடைடு அதில்தான் வந்து ஒட்டும்.

2′ கார்பனில் வெறும் ஹைட்ரஜன்தான். அங்கே ஹைட்ராக்சில் போட்டால் அது ஆர்.என்.ஏ.வின் ரைபோஸ் ஆகிவிடும். அந்த 2′ ஹைட்ராக்சில் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கிச் சங்கிலியை உடைக்கக்கூடியது. காரத்தன்மையுள்ள (அல்கலி) கரைசலில் ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவதும் டி.என்.ஏ. தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். நீண்ட காலத்துக்குச் செய்தியைச் சேமிக்க வேண்டிய மூலக்கூறில் அந்த ஹைட்ராக்சில் இல்லாதது பெரிய வசதி.

3. ஓர் இழையைக் கட்டுங்கள், முனைகளைக் குறியுங்கள்

ஒரு சர்க்கரையின் 3′ ஆக்சிஜனையும் அடுத்த சர்க்கரையின் 5′ கார்பனையும் நடுவில் ஒரு பாஸ்பேட்டை வைத்து இணையுங்கள். இது பாஸ்போ டை எஸ்டர் பிணைப்பு. இப்படியே நான்கைந்து அலகுகளை இணைத்தால், ஒரு முனையில் யாரோடும் சேராத 5′ பாஸ்பேட்டும் மறுமுனையில் யாரோடும் சேராத 3′ ஹைட்ராக்சிலும் மிஞ்சும். மிஞ்சிய அந்த இரண்டுதான் இழையின் 5′ முனையும் 3′ முனையும்.

இனி வளையங்களை வரைய வேண்டாம், எழுத்துகள் போதும். தாளின் நடுவில் இடப்பக்கம் 5′, வலப்பக்கம் 3′ என்று முதலில் எழுதிவிட்டு, இடையில் கறுப்பில் இந்த 24 எழுத்துகளை நிரப்புங்கள். மூன்று மூன்றாகப் பிரித்துக் காட்டுவது எண்ணுவதற்காக மட்டுமே. இழையில் அப்படி இடைவெளி எதுவும் கிடையாது.

மேல் இழை:
5′ ஏ டி ஜி | ஜி சி டி | ஏ ஏ சி | டி ஜி சி | ஜி ஜி ஏ | டி டி சி | சி ஏ டி | டி ஜி ஏ 3′

ஒவ்வோர் எழுத்துக்கும் மேலே 1 முதல் 24 வரை எண்ணிடுங்கள். பின்னால் எல்லாப் படிகளிலும் இந்த எண்களே வழிகாட்டும்.

4. எதிர் இழையை எழுதுங்கள்

கீழ் இழை எதிர்த் திசையில் ஓடும். ஆகவே எழுத்தைத் தொடும் முன்பே இடப்பக்கம் 3′, வலப்பக்கம் 5′ என்று குறியுங்கள். பிறகு ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி.

கீழ் இழை:
3′ டி ஏ சி | சி ஜி ஏ | டி டி ஜி | ஏ சி ஜி | சி சி டி | ஏ ஏ ஜி | ஜி டி ஏ | ஏ சி டி 5′

இணைகள் ஏன் இப்படி மட்டும்? அடினைனும் குவானைனும் இரட்டை வளையமுள்ள பியூரின்கள். தைமினும் சைட்டோசினும் ஒற்றை வளையமுள்ள பிரிமிடின்கள். ஒரு பெரியதும் ஒரு சிறியதும் சேர்ந்தால்தான் ஏணியின் அகலம் எங்கும் ஒரே அளவாக இருக்கும். ஏ–டி இடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், ஜி–சி இடையே மூன்று. இந்தப் பிணைப்புகளின் இடமும் திசையும் பொருந்துவதற்கு இழைகள் எதிரெதிராக ஓட வேண்டியிருக்கிறது.

இங்கே நின்று ஒரு கணக்குப் போடுங்கள். மேல் இழையில் மட்டும் ஏ 6, டி 7, ஜி 6, சி 5. இரண்டு இழையையும் சேர்த்தால் ஏ 13, டி 13, ஜி 11, சி 11. ‘ஏ-வும் டி-யும் சமம், ஜி-யும் சி-யும் சமம்’ என்ற விதி இரட்டை இழைக்குத்தான். தனி இழைக்கு அது கட்டாயமில்லை. ஒரு வைரஸின் மரபுப் பொருளில் ஏ-வும் டி-யும் சமமாக இல்லை என்று கேள்வியில் வந்தால், அது ஒற்றை இழை டி.என்.ஏ. என்று முடிவு கட்ட வேண்டிய இடம் அது.

நம் துண்டில் ஏ–டி இணைகள் 13, ஜி–சி இணைகள் 11. ஹைட்ரஜன் பிணைப்புகள் 26 + 33 = 59. உங்களுக்கு 59 வரவில்லை என்றால் கீழ் இழையில் எங்கோ ஓர் எழுத்து பிசகியிருக்கிறது. மேலே போகாமல் அதைக் கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று. இரட்டைச் சுருளைப் பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் என்று பலர் எழுதுகிறார்கள். காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்கப்பட்டிருப்பதால் வரும் ஈர்ப்பின் பங்கு அதைவிடப் பெரியது. சரியான இணையைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஹைட்ரஜன் பிணைப்புக்கு முதன்மையான வேலை.

5. சுருளின் அளவுகள்

செல்லில் வழக்கமாகக் காணப்படும் வடிவம் வலஞ்சுழிச் சுருள். விட்டம் 2 நானோமீட்டர். ஓர் இணைக்கும் அடுத்ததற்கும் 0.34 நானோமீட்டர். கரைசலில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10.5 இணைகள்; பாடநூல்கள் 10 என்று எடுத்துக்கொண்டு சுற்றின் நீளத்தை 3.4 நானோமீட்டர் என்கின்றன. நம் 24 இணைகளின் நீளம் 8.16 நானோமீட்டர், அதாவது இரண்டே கால் சுற்றுக்குச் சற்று மேல்.

சுருளை நிமிர்த்தி வரையும்போது முன்பக்கத்தில் தெரியும் இழைகள் கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏற வேண்டும். மேல் இடம் நோக்கி ஏறினால் நீங்கள் வரைந்தது இடஞ்சுழி. தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் அது சரியாகாது, ஏனென்றால் சுழியின் பக்கத்தை மாற்றுவது கண்ணாடிப் பிம்பம் மட்டுமே. அச்சில் வந்த படங்களிலேயே இந்தப் பிழை உண்டு, பார்த்து வரைவதிலும் கவனம் வேண்டும்.

6. செயல்: இந்தத் துண்டு என்ன சொல்கிறது?

இரட்டிப்பாதலுக்கு முன் படியெடுத்தலை, அதாவது டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதுவதை, செய்துவிடுவது நல்லது. வார்ப்புரு இழை (பார்த்து நகலெடுக்கப்படும் இழை) என்றால் என்ன என்பது இங்கே ஒரே ஓர் இழையை வைத்துப் பழகிவிடும். இரட்டிப்பாதலின்போது இரண்டு இழைகளும் பிரியும் பிளவான கவையில் இரண்டு வார்ப்புருக்களை ஒரே நேரத்தில் கையாள வேண்டியிருக்கும்.

கீழ் இழை வார்ப்புரு என்று கொள்ளுங்கள். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வார்ப்புருவை அதன் 3′ முனையிலிருந்து 5′ நோக்கிப் படிக்கிறது. தான் கட்டும் இழையை 5′ இலிருந்து 3′ நோக்கி வளர்க்கிறது. இரண்டும் முரண் அல்ல. இழைகள் எதிரெதிராக இருப்பதால் இரண்டும் ஒரே நகர்வின் இரண்டு பெயர்கள். தூது ஆர்.என்.ஏ. இப்படி வரும்:

5′ ஏ யூ ஜி | ஜி சி யூ | ஏ ஏ சி | யூ ஜி சி | ஜி ஜி ஏ | யூ யூ சி | சி ஏ யூ | யூ ஜி ஏ 3′

மேல் இழையில் டி இருந்த இடத்தில் யூ போட்டால் வருவதும் இதுவே. அதனால்தான் மேல் இழைக்குக் குறியீட்டு இழை என்று பெயர். மூன்று எழுத்துகள் சேர்ந்தது ஒரு குறியன். குறியன் அட்டவணையை வைத்துப் படித்தால் மெத்தியோனைன், அலனைன், அஸ்பராஜின், சிஸ்டீன், கிளைசின், ஃபினைல் அலனைன், ஹிஸ்டிடின். கடைசி யூ ஜி ஏ நிறுத்தக் குறியன், அதற்கு அமினோ அமிலம் கிடையாது. ஆக, எட்டுக் குறியன்கள், ஏழு அமினோ அமிலங்கள்.

பிழை செய்தால் அதன் தடம் விடையிலேயே தெரியும். முதல் அமினோ அமிலம் டைரோசின் என்று வந்தால், மேல் இழையை வார்ப்புருவாக எடுத்து, திசையையும் கவனிக்காமல் இடமிருந்து வலமாகப் படித்திருக்கிறீர்கள். செரின் என்று வந்தால், தூது ஆர்.என்.ஏ.வைச் சரியாக எழுதிவிட்டு 3′ முனையிலிருந்து படித்திருக்கிறீர்கள்.

7. கவையைத் திறக்கும் முன்

இரட்டிப்பாதல் எங்கு வேண்டுமானாலும் தொடங்குவதில்லை. அதற்கென்று தொடங்குமிடம் உண்டு, அங்கே ஏ–டி இணைகள் மிகுந்திருப்பது வழக்கம். பிரிக்க எளிது என்பதே காரணம். ஈ. கோலை பாக்டீரியத்தின் வட்டமான குரோமோசோமில் 46 லட்சம் இணைகள் உள்ளன, தொடங்குமிடம் ஒன்றே ஒன்று. அங்கிருந்து இரண்டு கவைகள் எதிரெதிராகக் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ 1,000 நியூக்ளியோடைடு வேகத்தில் ஓடி, சுமார் 40 நிமிடத்தில் எதிர்ப்புறத்தில் சந்திக்கின்றன.

மனிதச் செல்லில் கவையின் வேகம் நொடிக்குச் சுமார் 50 தான். நம் மிகப் பெரிய குரோமோசோமில் ஏறக்குறைய 24.9 கோடி இணைகள். ஒரே தொடங்குமிடத்திலிருந்து இரண்டு கவைகள் மட்டும் ஓடினால் அதை முடிக்க 29 நாள் ஆகும். செல்லுக்குக் கிடைப்பதோ சுமார் 8 மணி நேரம். மனிதச் செல்லில் தொடங்குமிடங்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தாக வேண்டியதன் கணக்கு இதுதான்.

நம் தாளில் தொடங்குமிடம் இடப்பக்கம், கவை வலப்பக்கம் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழைகளுக்கு மேலே வலம் நோக்கி ஒரு பெரிய அம்புக்குறி போட்டு ‘கவை’ என்று எழுதுங்கள். இந்த அம்புக்குறி இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. எது வழிநடத்தும் இழை (தொடர்ச்சியாக வளரும் புதிய இழை) என்ற கேள்விக்கு, கவையின் திசை தெரியாமல் விடையே கிடையாது.

8. இழைகளைப் பிரியுங்கள்

முதலில் 1 முதல் 8 வரை மட்டும் பிரியுங்கள். 24-ஐயும் ஒரேயடியாகத் திறந்து விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அப்படித் திறந்தால் பின்தங்கும் இழையையும் (துண்டு துண்டாக வளரும் புதிய இழை) வலக்கோடியிலிருந்து ஒரே மூச்சில் எழுதிவிடலாமே என்று தோன்றும், ஒகசாகி துண்டுகளுக்குக் காரணமே இல்லாமல் போகும். செல்லில் கவை சிறிது சிறிதாகத்தான் திறக்கிறது.

பிரிப்பது ஹெலிகேஸ். அது ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டுமே பிரிக்கும், சர்க்கரை–பாஸ்பேட் முதுகெலும்பைத் தொடாது. ஈ. கோலையில் அது பின்தங்கும் இழையின் வார்ப்புருவைப் பற்றிக்கொண்டு 5′ இலிருந்து 3′ நோக்கி நகர்கிறது. மனிதச் செல்லின் எம்.சி.எம். ஹெலிகேஸ் மற்ற வார்ப்புருவின் மேல் 3′ இலிருந்து 5′ நோக்கி. இரண்டும் போய்ச் சேரும் பக்கம் ஒன்றே.

பிரிந்த இழைகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் ஒற்றை இழைப் பிணைப்புப் புரதங்கள் போர்த்திக்கொள்கின்றன.

இரட்டைப் புரிக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையிலிருந்து புரிகளைப் பிரித்து இழுத்தால் முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். கவைக்கு முன்னாலும் அதேதான் நடக்கிறது. நொடிக்கு 1,000 இணைகள் பிரிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 95 சுற்று முறுக்கு சேர்கிறது. டோபோஐசோமெரேஸ் கவைக்கு முன்னே முதுகெலும்பை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டுகிறது. ஆகவே ‘இழையை வெட்டும் நொதி எது’ என்றால் ஹெலிகேஸ் என்று எழுதாதீர்கள். படத்தில் டோபோஐசோமெரேஸை கவையின் பிளவில் வைப்பதும் தவறு, பிரியாத பகுதியில் வையுங்கள்.

9. சிவப்பில் பிரைமர்

டி.என்.ஏ. பாலிமரேஸால் புதிதாக ஓர் இழையைத் தொடங்க முடியாது. ஏற்கெனவே உள்ள 3′ ஹைட்ராக்சிலில் சேர்க்க மட்டும்தான் தெரியும். தொடங்கித் தருவது பிரைமேஸ், அது எழுதுவது ஆர்.என்.ஏ. உண்மையில் பிரைமர் 10 நியூக்ளியோடைடு அளவில் இருக்கும். நம் தாளில் இடம் போதாது என்பதால் 3 வைத்துக்கொள்வோம்.

புதிதாகத் தொடங்கும் இடத்தில் பிழை வர வாய்ப்பு அதிகம். அதை ஆர்.என்.ஏ.வில் எழுதினால், பிறகு நீக்கப்பட வேண்டிய பகுதி எது என்று அடையாளம் தெரியும்.

10. வழிநடத்தும் இழை

கீழ் வார்ப்புருவைப் பாருங்கள். அதன் 3′ முனை இடப்பக்கம். புதிய இழையின் 5′ முனை அதற்கு எதிரே வரும், ஆகவே புதியது இடமிருந்து வலமாக, கவை போகும் திசையிலேயே வளரும். முனைக் குறிகளை முதலில் போட்டதன் பலன் இங்கே கிடைக்கிறது.

1, 2, 3 இடங்களில் சிவப்பில் ஏ யூ ஜி. நான்காவது இடத்திலிருந்து நீலத்தில் ஜி சி டி ஏ ஏ, இதோடு 8-ஆவது இடத்தில் நிறுத்துங்கள். கவை மேலும் திறக்கும்போது இதே இழை தொடரும், புதிய பிரைமர் வேண்டாம்.

சேரும் ஒவ்வொரு நியூக்ளியோடைடும் மூன்று பாஸ்பேட்டுகளோடு வருகிறது. இரண்டு பாஸ்பேட்டுகள் பைரோபாஸ்பேட்டாகக் கழன்று போக, ஒன்று இழையில் தங்குகிறது. கழன்ற பைரோபாஸ்பேட் உடனே சிதைக்கப்படுவதால் வினை பின்னோக்கித் திரும்புவதில்லை. இதற்கு மெக்னீசியம் அயனிகள் தேவை.

11. பின்தங்கும் இழை

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நிதானமாகச் செய்யுங்கள்.

மேல் வார்ப்புருவின் 5′ முனை இடப்பக்கம். புதிய இழை வலமிருந்து இடமாகத்தான் வளர முடியும், அதாவது கவையை விட்டு விலகி. எனவே பிரைமர் கவைக்கு அருகில், 8-ஆவது இடத்தில் தொடங்க வேண்டும். கவைக்குத் தொலைவில், 1-ஆவது இடத்தில் பிரைமரை வைப்பதுதான் மிகப் பரவலான பிழை.

முதல் துண்டு: 8, 7, 6 இடங்களில் சிவப்பில் யூ யூ ஏ. பிறகு 5 முதல் 1 வரை நீலத்தில் ஜி சி சி ஏ டி.

இப்போது கவையை 9 முதல் 16 வரை திறங்கள். வழிநடத்தும் இழையை நீலத்தில் 16 வரை நீட்டுங்கள்: சி டி ஜி சி ஜி ஜி ஏ டி. பின்தங்கும் பக்கம் புதிய பிரைமர் வேண்டும்.

இரண்டாம் துண்டு: 16, 15, 14 இடங்களில் சிவப்பில் ஏ யூ சி. பிறகு 13 முதல் 9 வரை நீலத்தில் சி ஜி சி ஏ ஜி.

கடைசியாக 17 முதல் 24 வரை. வழிநடத்தும் இழை டி டி சி சி ஏ டி டி ஜி ஏ என்று வந்தால் எழுத்து ஒன்று கூடிவிட்டது. எட்டு எழுத்துதான் வர வேண்டும். டி டி சி ஏ டி டி ஜி ஏ என்று வந்தால் எழுத்துகளின் எண்ணிக்கை சரி, ஆனால் எழுத்து தவறு. இடங்களை மேல் இழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 17 டி, 18 சி, 19 சி, 20 ஏ, 21 டி, 22 டி, 23 ஜி, 24 ஏ. 16-ஆவது டி-யை முந்தைய தொகுதியிலேயே எழுதிவிட்டோம், ஆகவே இப்போது எழுத வேண்டியது டி சி சி ஏ டி டி ஜி ஏ. தொகுதி மாறும் இடத்தில் ஓர் எழுத்தை இருமுறை எழுதுவதோ விட்டுவிடுவதோ சுலபமாக நடக்கும். இட எண்களைப் போட்டது இதற்காகத்தான்.

மூன்றாம் துண்டு: 24, 23, 22 இடங்களில் சிவப்பில் யூ சி ஏ. பிறகு 21 முதல் 17 வரை நீலத்தில் ஏ டி ஜி ஜி ஏ.

உண்மையில் ஒகசாகி துண்டு பாக்டீரியத்தில் 1,000 முதல் 2,000 நியூக்ளியோடைடு வரையும், மனிதச் செல் போன்றவற்றில் 100 முதல் 200 வரையும் இருக்கும்.

எந்தத் துண்டு முதலில் உருவானது என்று கேட்டால், கவைக்கு மிகத் தொலைவில் உள்ளது. துண்டுக்குள் பார்த்தால் வளர்ச்சி கவையை விட்டு விலகுகிறது. துண்டுகளின் வரிசையைப் பார்த்தால் அது கவையோடு போகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தாளில் இரண்டு வெவ்வேறு அம்புக்குறிகளாகவே போட்டுவிடுங்கள்.

பாலிமரேஸ் 3′ இலிருந்து 5′ நோக்கி வளர்த்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்ற கேள்வி நியாயமானது. அப்படி வளர்ந்தால், ஆற்றல் தரும் மூன்று பாஸ்பேட்டுகள் வளரும் முனையில் இருக்க வேண்டும். தவறான எழுத்தை வெட்டி எறிந்தால் அந்தப் பாஸ்பேட்டுகளும் சேர்ந்து போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும். 5′ இலிருந்து 3′ நோக்கி வளரும்போது ஆற்றலைக் கொண்டுவருவது புதிதாக வரும் நியூக்ளியோடைடு. எத்தனை முறை வெட்டித் திருத்தினாலும் மீண்டும் தொடர 3′ ஹைட்ராக்சில் தயாராக இருக்கிறது.

12. பிரைமரை நீக்கி, நிரப்பி, ஒட்டுங்கள்

மூன்று வேலைகள், மூன்றும் வேறு வேறு. சேர்த்து எழுதினால் மதிப்பெண் போகும், புரிதலும் போகும்.

முதல் துண்டின் யூ யூ ஏ-வை அழியுங்கள். அந்த இடத்தை நிரப்புவது இரண்டாம் துண்டு. அதன் 3′ முனை 9-ஆவது இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து 8, 7, 6 என்று நீலத்தில் டி டி ஏ சேருங்கள். முதல் துண்டிலிருந்து இதை நிரப்ப முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் அதற்கு இருப்பது 5′ முனை. ஈ. கோலையில் டி.என்.ஏ. பாலிமரேஸ் I பிரைமரை அரித்துக்கொண்டே பின்னால் நிரப்பிக்கொண்டும் வருகிறது. மனிதச் செல்லில் பாலிமரேஸ் டெல்டா பிரைமரை உயர்த்தித் தள்ள, வேறொரு நொதி அதை வெட்டி எடுக்கிறது.

இப்போது 6-க்கும் 5-க்கும் இடையே எழுத்து எதுவும் குறையவில்லை, ஒரு பிணைப்பு மட்டும் இல்லை. லைகேஸ் போடுவது அந்த ஒரு பிணைப்பை. ஈ. கோலையின் லைகேஸ் அதற்கான ஆற்றலுக்கு என்.ஏ.டி. என்ற மூலக்கூறைப் பயன்படுத்துகிறது, நம்முடையது ஏ.டி.பி.யை. ‘லைகேஸ் இடைவெளியை நிரப்புகிறது’ என்பது தவறு. ஓர் எழுத்து குறைந்தாலும் லைகேஸால் ஒட்ட முடியாது.

அதேபோல் இரண்டாம் துண்டின் ஏ யூ சி-யை நீக்கி, 17-ஆவது இடத்து 3′ முனையிலிருந்து ஏ டி சி சேர்த்து, 14-க்கும் 13-க்கும் இடையே ஒட்டுங்கள்.

13. மிஞ்சும் முனை

மூன்றாம் துண்டின் யூ சி ஏ-வை நீக்கினால்? அதற்கு வலப்பக்கம் நான்காம் துண்டு இல்லை. 24-ஆவது இடம் குரோமோசோமின் கோடி என்றால் அந்த மூன்று இடங்களும் காலியாகவே இருக்கும். மேல் வார்ப்புருவின் டி ஜி ஏ எதிர் இணையின்றி நீட்டிக்கொண்டிருக்கும். நீள்குரோமோசோமின் முனைச் சிக்கல் முழுவதும் உங்கள் தாளில் இந்த மூன்று கட்டங்களில் இருக்கிறது. மனிதக் குரோமோசோம் முனைகளில் டி டி ஏ ஜி ஜி ஜி என்ற வரிசை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவதால், தேய்வது அதுவே தவிர மரபணு அல்ல. டெலோமெரேஸ் நொதி தனக்குள்ளேயே ஓர் ஆர்.என்.ஏ. வார்ப்புருவை வைத்துக்கொண்டு இந்த வரிசையை நீட்டித் தருகிறது. வட்டக் குரோமோசோமில் முனை இல்லை, ஆகவே இந்தச் சிக்கலும் இல்லை.

இடப்பக்கம் வழிநடத்தும் இழையின் ஏ யூ ஜி பிரைமர் நிலைமை வேறு. அங்கே இருப்பது தொடங்குமிடம். இடப்பக்கம் ஓடும் இன்னொரு கவையின் பின்தங்கும் இழைத் துண்டு வந்து அதை நிரப்பிவிடும்.

14. பிழை திருத்தம்

பாலிமரேஸ் எழுத்தைத் தேர்வதில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒரு பிழை. தவறான எழுத்து சேர்ந்ததும் 3′ முனை சரியாகப் பொருந்தாது, நொதி ஓர் அடி பின்வாங்கி அதை வெட்டிவிட்டு மீண்டும் எழுதும். இதனால் பிழை சுமார் கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. அதையும் தாண்டித் தப்பியதை, இரட்டிப்பாதல் முடிந்தபின் வரும் பொருந்தா இணைச் சீரமைப்பு பிடிக்கிறது. முடிவில் நூறு கோடிக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு.

சீரமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பொருந்தாத இணையில் எது பழையது, எது புதியது என்று தெரியாவிட்டால் திருத்தமே பிழையாகிவிடும். ஈ. கோலையில் ஜி ஏ டி சி என்ற வரிசையின் ஏ-வில் மெத்தில் தொகுதி இருக்கும். புதிய இழைக்கு அது சிறிது நேரம் கழித்துத்தான் சேரும். மெத்தில் இல்லாத இழையே புதியது என்று அந்த இடைவெளிக்குள் அடையாளம் காணப்படுகிறது.

15. தாளைச் சரிபாருங்கள்

இரண்டு இரட்டைச் சுருள்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஓர் இழை கறுப்பு, ஓர் இழை நீலம். ஒன்று முழுக் கறுப்பும் மற்றது முழு நீலமுமாக இருந்தால் இழைகளைப் பிரிக்காமலே நகலெடுத்திருக்கிறீர்கள். இரட்டிப்பாதல் பாதி பழமை பேணும் முறை என்பதற்கு இந்த நிறங்களே விளக்கம். முனையின் மூன்று கட்டங்களைத் தவிர, கீழ்ச் சுருளின் நீல இழை பழைய மேல் இழையின் நகலாகவும், மேல் சுருளின் நீல இழை பழைய கீழ் இழையின் நகலாகவும் இருக்க வேண்டும். வழிநடத்தும் இழையின் பிரைமர் இடத்தில் இறுதியில் ஏ டி ஜி என்று நீலம் வந்ததா என்று பாருங்கள். யூ எங்காவது மிஞ்சியிருந்தால் 12-ஆம் படி முடியவில்லை.

நைட்ரஜன்-15 கணக்கும் இதே நிறங்களில் அடங்கும். கன நைட்ரஜனில் வளர்ந்த பாக்டீரியத்தை நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றினால் முதல் தலைமுறையில் எல்லா டி.என்.ஏ.வும் கலப்பு (ஓர் இழை கனம், ஓர் இழை இலேசு). இரண்டாம் தலைமுறையில் பாதி கலப்பு, பாதி இலேசு. மூன்றாம் தலைமுறையில் எட்டில் இரண்டு கலப்பு, ஆறு இலேசு. ஒரு மூலக்கூறில் தொடங்கினால் எத்தனை தலைமுறை போனாலும் கலப்பு இரண்டே இரண்டுதான், ஏனென்றால் கறுப்பு இழைகள் இரண்டே இரண்டு.

கடைசியாக, புதிய தாளில் அதே 24 இணைகளை எழுதி, கவையை வலக்கோடியிலிருந்து இடம் நோக்கி ஓட்டுங்கள். இம்முறை மேல் இழை வழிநடத்தும் இழைக்கு வார்ப்புருவாகும், அதன் பிரைமர் 24, 23, 22 இடங்களில் யூ சி ஏ. முதலில் 17 முதல் 24 வரை திறந்தால், கீழ் வார்ப்புருவின் மேல் முதல் ஒகசாகி துண்டு 17-ஆவது இடத்தில் தொடங்கி வலம் நோக்கி வளரும். அதன் 5′ முனையிலிருந்து யூ சி சி என்று சிவப்பிலும், ஏ டி டி ஜி ஏ என்று நீலத்திலும் வந்தால் விடை சரி.